தீர்ப்பு 1954-ல் வந்தது. அமெரிக்கப் பள்ளிகள் மாற ஏன் அத்தனை வருடம்?

கேட்டவர் சுருக்கமாகத்தான் கேட்டிருக்கிறார்: "பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-லேயே ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அப்படியும் தெற்கு மாநிலங்களில் 1960-களின் கடைசி வரை பெரும்பாலான கறுப்பினப் பிள்ளைகள் தனிப் பள்ளியிலேயே படித்தார்கள் என்று வாசித்தேன். உச்ச நீதிமன்றத்தை அவ்வளவு காலம் மதிக்காமல் இருக்க முடியுமா? கடைசியில் மாற்றியது வழக்கா, போராட்டமா?" கேள்வி நீதிமன்ற அவமதிப்பைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது வேறு என்று நினைக்கிறேன். ஒரு தீர்ப்பு எழுதப்பட்ட நாளுக்கும், அதனால் ஒரு பிள்ளை வேறு வகுப்பறையில் போய் உட்காரும் நாளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் அது.

நான் அமெரிக்க வரலாற்றைக் கல்லூரியில் பல வருடங்களாக நடத்துகிறவன், சட்டம் படித்தவன் அல்ல. சட்ட நுணுக்கத்தில் வழக்கறிஞர் யாராவது திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்ப்பை வெளிப்படையாக மீறியவர்கள் உண்டு, படங்களில் நாம் பார்ப்பது அவர்களைத்தான். ஆனால் காலத்தை அதிகம் விழுங்கியது மீறல் அல்ல. தீர்ப்புக்குக் கீழ்ப்படிவதாகவே காட்டிக்கொண்டு, மாற்றத்தின் முழுச் சுமையையும் கறுப்பினப் பெற்றோர் தலையில் ஏற்றிவைத்த ஏற்பாடுகள்தான். அந்தச் சுமை பள்ளி நிர்வாகத்தின் பக்கம் திரும்பிய பிறகு, ஐந்தாறு வருடத்தில் எல்லாம் நடந்துவிட்டது.

1954 தீர்ப்பு வந்த வழக்கைப் பிரவுன் வழக்கு என்று நாம் ஒருமையில் சொன்னாலும், அது ஐந்து ஊர்களின் வழக்குகள். கான்சஸ் மாநிலத்தின் டோப்பீக்கா, தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டி, வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, டெலவேர், தலைநகர் வாஷிங்டன். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி, அளவில் சிறியது. இதில் டோப்பீக்கா பெயர்தான் பிரபலமானது. ஆனால் வழக்கின் உயிர் இருந்தது கிளாரண்டனிலும் பிரின்ஸ் எட்வர்டிலும் என்பது என் அபிப்பிராயம். கிளாரண்டனில் கறுப்பினப் பெற்றோர் முதலில் கேட்டது பள்ளிப் பேருந்துதான். வெள்ளையர் பிள்ளைகளுக்குப் பேருந்து ஓடியது, இவர்களுடைய பிள்ளைகள் மைல் கணக்கில் நடந்தார்கள். ஜோசஃப் டிலேன் என்ற போதகர் பெற்றோரைத் திரட்டினார். பேருந்துக்கான கோரிக்கை மறுக்கப்பட்டு மறுக்கப்பட்டுத்தான் பிரிவினையையே எதிர்க்கும் வழக்காக வளர்ந்தது. மனுவில் முதல் பெயராக இருந்த ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் பங்க் வேலையை இழந்தார், அவர் மனைவி எலைசாவுக்கும் வேலை போனது. டிலேன் வீடு எரிந்தது, கடைசியில் அவர் மாநிலத்தைவிட்டே போக வேண்டியதாயிற்று. பிரின்ஸ் எட்வர்டில் ஆரம்பித்து வைத்தது பெரியவர்களே இல்லை. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் மோட்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் திரட்டி வகுப்பைப் புறக்கணித்தார். தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளில் பாடம் நடந்த பள்ளி அது. என்.ஏ.ஏ.சி.பி. என்ற உரிமை அமைப்பின் வழக்கறிஞர்கள் அதற்குப் பிறகுதான் ஊருக்கு வந்தார்கள்.

அந்த வழக்கறிஞர்களின் வேலையும் ஒரே நாளில் வந்ததல்ல. "தனித்தனி, ஆனால் சமம்" என்றால் அரசியல் சட்டத்துக்குப் பொருந்தும் என்று 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனும் அவர் மாணவர் தர்குட் மார்ஷலும் அதை நேராக முட்டவில்லை. "சமம் என்கிறீர்களே, காட்டுங்கள்" என்று முதுகலை, சட்டக் கல்லூரிகளில் தொடங்கினார்கள். 1938-ல் மிசௌரி, 1950-ல் டெக்சஸும் ஓக்லஹோமாவும். ஒரு கறுப்பின மாணவருக்காகத் தனிச் சட்டக் கல்லூரி கட்டினாலும் அது சமமாகாது என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்ட பிறகுதான் சிறு பிள்ளைகளின் பள்ளிக்கு வந்தார்கள்.

சரி, 1954 மே 17 அன்று தலைமை நீதிபதி எர்ல் வாரன் வாசித்த தீர்ப்பில், பொதுக்கல்வியில் பிரித்துவைப்பதே சமத்துவமின்மைதான் என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் யார், எப்போது, எப்படி மாற்ற வேண்டும் என்பதை அன்று சொல்லவில்லை. அதற்கு இன்னொரு வருடம் விசாரணை நடந்தது. 1955 மே 31 அன்று வந்த இரண்டாம் தீர்ப்பு, உள்ளூர்க் கூட்டாட்சி நீதிமன்றங்கள் மேற்பார்க்கட்டும், நிதானத்தோடும் விரைவோடும் நடக்கட்டும் என்று முடித்துக்கொண்டது. கெடு எதுவும் வைக்கவில்லை. ஒருமனதான தீர்ப்பு கிடைக்க அதுதான் விலை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நியாயமான ஊகம்தான், ஆனாலும் ஊகம்தான்.

அடுத்த சில வாரங்களில் நடந்த ஒரு விஷயத்தைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. கிளாரண்டன் வழக்கு திரும்பக் கீழ் நீதிமன்றத்துக்குப் போனபோது நீதிபதி ஜான் பார்க்கர் ஒரு விளக்கம் கொடுத்தார்: அரசியல் சட்டம் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஒன்றாகச் சேர்க்கச் சொல்லிக் கட்டளையிடவில்லை, மக்கள் தாங்களாகவே தனித்தனிப் பள்ளிக்குப் போனால் அதில் குற்றமில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தெற்கின் பள்ளி வாரியங்கள் பத்து வருடம் ஒதுங்கி நிற்பதற்கு இந்த ஒரு விளக்கம் போதுமானதாக இருந்தது.

எப்படி என்றால், மாணவர் ஒதுக்கீட்டுச் சட்டங்கள் வந்தன. இனம் என்ற வார்த்தையே அவற்றில் இருக்காது. ஒவ்வொரு பிள்ளையையும் எந்தப் பள்ளியில் போடுவது என்பதை வாரியம் தனித்தனியாக முடிவு செய்யும். பிள்ளையின் முந்தைய படிப்பு, மனப்பக்குவம், ஒழுக்கம், சேர்த்தால் ஊரில் கலவரம் வருமா என்று நீளமான பட்டியல் ஒன்று இருக்கும். முதலில் எல்லோரும் பழைய பள்ளியிலேயே. மாற வேண்டுமானால் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், மறுத்தால் வாரியத்திடம் மேல்முறையீடு, பிறகு மாநில அளவில் இன்னொன்று. அதெல்லாம் முடித்த பிறகுதான் கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். அதற்குள் பிள்ளை அந்தப் பள்ளியையே முடித்திருக்கும். அலபாமாவின் இப்படிப்பட்ட சட்டத்தை, மேலோட்டமாகப் பார்த்தால் குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றமே 1958-ல் விட்டுவிட்டது. நாஷ்வில்லில் வேறு தந்திரம். 1957-ல் முதல் வகுப்பு மட்டும், அடுத்த வருடம் இரண்டாம் வகுப்பு, இப்படி வருடத்துக்கு ஒன்று. யோசித்துப் பாருங்கள், அந்த வருடம் இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை எவ்வளவு காலம் படித்தாலும் அந்த மாற்றம் அதை எட்டாது. அது எப்போதும் ஒரு வகுப்பு முன்னால் போய்க்கொண்டே இருக்கும்.

விண்ணப்பிக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். கையெழுத்துக்கு என்ன விலை என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மிசிசிப்பியின் யாஸூ சிட்டியில் 1955-ல் 53 பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். பிரிவினையைக் காக்க வெள்ளையர்கள் அமைத்த வெள்ளையர் கவுன்சில் அத்தனை பெயர்களையும் பத்திரிகையில் விளம்பரமாகவே போட்டது. வேலை போனது, கடைக்காரர்கள் சரக்குத் தர மறுத்தார்கள். கொஞ்ச நாளில் கிட்டத்தட்ட எல்லோருமே பெயரை விலக்கிக்கொண்டார்கள். யாரையும் அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அலபாமாவில் 1956-ல் என்.ஏ.ஏ.சி.பி. இயங்கவே தடை விதித்தார்கள், உறுப்பினர் பட்டியலைக் கொடு என்றார்கள். பட்டியல் வெளியே போனால் யாஸூ சிட்டியில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும் என்று தெரிந்து அமைப்பு கொடுக்க மறுத்தது. 1958-ல் உச்ச நீதிமன்றம் அமைப்பின் பக்கம் நின்றது. ஆனாலும் அந்த மாநிலத்தில் மறுபடி இயங்க இன்னும் பல வருடம் போராட வேண்டியிருந்தது.

வெளிப்படையான மீறல்கள் எல்லோருக்கும் தெரிந்தவை, அதனால் வேகமாகக் கடந்துபோகிறேன். 1956-ல் தெற்கின் 101 நாடாளுமன்ற உறுப்பினர்கள் தீர்ப்பைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். 1957 செப்டம்பரில் ஆர்க்கன்ஸஸ் ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ், லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த ஒன்பது மாணவர்களைத் தடுக்க மாநிலப் படையை நிறுத்தினார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் தரைப்படையின் 101-வது வான்குடைப் படைப்பிரிவை அனுப்பினார். பலரும் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வருடம், 1958-59-ல், லிட்டில் ராக்கின் உயர்நிலைப் பள்ளிகள் முழுக்க மூடிக்கிடந்தன. வர்ஜீனியாவிலும் அதே சமயம் நார்ஃபோக், சார்லட்ஸ்வில், ஃப்ரன்ட் ராயல் பள்ளிகளை மாநில அரசு மூடியது. நார்ஃபோக்கில் மட்டும் சுமார் 10,000 வெள்ளையர் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அதைத் திறக்கவைத்ததில் நீதிமன்றங்களுக்குப் பங்கு உண்டு, பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு தவித்த நடுத்தர வர்க்க வெள்ளைப் பெற்றோருக்கும் உண்டு.

பிரின்ஸ் எட்வர்டில் அந்தத் தவிப்பு எழவில்லை, ஏனென்றால் வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. பார்பரா ஜான்ஸின் கவுண்டி அது. 1959-ல் பொதுப்பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்குவதையே கவுண்டி நிறுத்தியது. சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்ற ஒன்றே இல்லாமல் போனது. சிலர் வேறு ஊர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள், சிலர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எழுத்துப் படித்தார்கள், பலர் வயலுக்குப் போனார்கள். 1963-ல் நன்கொடையில் இலவசப் பள்ளிகள் திறக்கும் வரை இதே நிலைமை. 1964-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பொதுப்பள்ளி திரும்பியது. பிரவுன் வழக்கில் வென்ற ஐந்து ஊர்களில் இதுவும் ஒன்று என்பதை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் நம்பவே மாட்டார்கள்.

ஆக, தீர்ப்பு வந்து பத்தாவது வருடம் உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன பழைய கூட்டமைப்பின் 11 தெற்கு மாநிலங்களில் வெள்ளையரோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். இந்தக் கணக்கில் சந்தேகம் கிடையாது.

திருப்பம் பணத்தில் வந்தது. 1964 ஜூலை 2 அன்று கையெழுத்தான சிவில் உரிமைச் சட்டம் இரண்டு காரியம் செய்தது. பெற்றோர் பெயர் கொடுத்து வழக்குப் போட்டுச் சாக வேண்டாம், கூட்டாட்சி அரசின் தலைமை வழக்கறிஞரே போடலாம் என்றது ஒன்று. இனப் பாகுபாடு காட்டும் எந்த அமைப்புக்கும் கூட்டாட்சிப் பணம் கிடையாது என்றது இன்னொன்று. அப்போது பள்ளிகளுக்கு அந்தப் பணம் அதிகம் வரவில்லை, அதனால் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. 1965 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் பள்ளிக் கல்விச் சட்டம் கொண்டுவந்தார். ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள ஊர்களுக்கு முதல் வருடமே நூறு கோடி டாலருக்கு மேல் வந்தது. தெற்கில் ஏழ்மை அதிகம், ஆகவே பணமும் அங்கேதான் அதிகம். திட்டம் எழுதிக் கொடுக்காவிட்டால் காசு கிடையாது என்றதும், பத்து வருடமாகத் தீர்ப்பைத் திரும்பிப் பார்க்காத வாரியங்கள் வாஷிங்டனுக்குக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடின.

அப்போதும் கொடுத்த திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: "விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம்." எந்தப் பிள்ளையும் எந்தப் பள்ளியையும் கேட்கலாம். மிசிசிப்பியின் ட்ரூ ஊரில் மேத்யூ, மே பெர்த்தா கார்ட்டர் என்ற குத்தகை விவசாயத் தம்பதி 1965-ல் இதை அப்படியே நம்பி ஏழு பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்த்தார்கள். இரவில் வீட்டின் மேல் துப்பாக்கிச் சூடு, கடையில் கடன் நிறுத்தம், கடைசியில் நிலத்திலிருந்து வெளியேற்றம். பல வருடம் அந்த ஊரில் இந்த ஒரு குடும்பம்தான் அப்படித் தேர்ந்தெடுத்தது. தேர்வு என்ற பெயரில், பழைய சுமையே அதே தோளில்.

இதை உடைத்தது முதலில் தெற்கின் பல மாநிலங்களுக்கான ஐந்தாம் வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம். 1966 டிசம்பரில் நீதிபதி ஜான் மைனர் விஸ்டம், பார்க்கரின் பழைய விளக்கத்தை ஒதுக்கித் தள்ளி, வேலை செய்கிற திட்டம்தான் அரசியல் சட்டத்துக்குப் பொருந்தும் திட்டம் என்றார். 1968 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதே வழியில் வந்தது. அந்தக் கிரீன் வழக்கு வர்ஜீனியாவின் நியூ கென்ட் என்ற குட்டிக் கவுண்டியைப் பற்றியது. மொத்தம் இரண்டே பள்ளி. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கவுண்டி முழுக்கக் கலந்தே குடியிருந்தார்கள். ஆனால் 21 பேருந்துகள், ஒரே சாலைகளில் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்து இறக்கின. மூன்று வருடத் "தேர்வு"க்குப் பிறகு ஒரு வெள்ளைப் பிள்ளைகூடக் கறுப்பினப் பள்ளியைக் கேட்கவில்லை, கறுப்பினப் பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேர் பழைய பள்ளியிலேயே இருந்தார்கள். பிரித்துவைத்தது நீங்கள், வேரோடு களைய வேண்டியதும் நீங்கள்தான், இப்போதே பலன் தரும் திட்டத்தோடு வாருங்கள் என்று நீதிமன்றம் வாரியத்திடம் சொன்னது. 1969 அக்டோபரில் மிசிசிப்பி வழக்கில், இனித் தவணை கிடையாது, உடனே என்றது. கறுப்பினத்தவரும் சிறுபான்மையினருமே நூற்றுக்கு 90-க்கு மேல் உள்ள பள்ளிகளில் படித்த தெற்குக் கறுப்பினப் பிள்ளைகள் 1968-ல் நூற்றுக்கு சுமார் 78 பேர். 1972-ல் அது சுமார் 25.

இங்கே இந்தியாவோடு தொட்டுக்கொண்ட ஒரு சங்கதி. நகரங்களில் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றியாவது கலக்கலாம் என்று 1971-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த ஸ்வான் வழக்கின் பெற்றோர் டேரியஸ், வீரா ஸ்வான் தம்பதி. டேரியஸ் ஸ்வான் பிரஸ்பிட்டேரியன் மிஷனரியாக இந்தியாவில் இருந்துவிட்டு 1964-ல் வட கரோலினாவின் சார்லட் நகரத்துக்குத் திரும்பியவர். இங்கே எல்லோரோடும் கலந்து பழகிய தங்கள் ஆறு வயது மகனை அங்கே கறுப்பினப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளியில் போட்டதை அவர்களால் ஏற்க முடியவில்லை. வழக்கை நடத்திய ஜூலியஸ் சேம்பர்ஸின் காருக்கும் வீட்டுக்கும் குண்டு வைத்தார்கள், அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். பேருந்தில் ஏற்றுவதைப் பெரிய அநியாயம்போல அன்றைக்குப் பேசியவர்கள், கறுப்பினப் பிள்ளைகள் தலைமுறைகளாக வெள்ளையர் பள்ளியைத் தாண்டிப் பல மைல் போய்வந்ததைப் பற்றி வாய் திறந்ததில்லை.

வழக்கா போராட்டமா என்றால், என்னால் பிரிக்க முடியவில்லை. 1963-ல் அலபாமாவின் பர்மிங்ஹாம் தெருவில் பிள்ளைகள் மேல் நாயையும் தண்ணீர்க் குழாயையும் ஏவிய காட்சிகள் இல்லாமல் 1964 சட்டம் நிறைவேறியிருக்காது. அதே சமயம் பேருந்துகளில் நிறப் பிரிவினையை எதிர்த்த மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பை 1956-ல் வெற்றியாக முடித்துவைத்தது, பிரவுனை அடிப்படையாகக் கொண்ட இன்னொரு தீர்ப்பு. பிரவுன் தீர்ப்பு தன்னளவில் எதையும் மாற்றவில்லை, எதிர்ப்பைத்தான் கிளப்பியது என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். முதல் பத்து வருடக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. முழுக் கதைக்கும் சரி என்று எனக்குத் தோன்றவில்லை.

கேட்காத இரண்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை தவறாகப் பரவியிருக்கின்றன. கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் காட்டி எது பிடிக்கும் என்று பிள்ளைகளைக் கேட்ட கென்னத், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியின் பொம்மைச் சோதனைதான் வழக்கை வென்றது என்பார்கள். தீர்ப்பில் அது ஒரு அடிக்குறிப்பில்தான் வருகிறது. பிரிவினைச் சட்டம் இல்லாத வடக்கின் பிள்ளைகளும் வெள்ளைப் பொம்மையையே அதிகம் விரும்பினார்கள் என்பதால், சோதனை எதை நிரூபித்தது என்ற கேள்வி அன்றே எழுந்தது. இரண்டாவது, கலந்த பிறகு பயன் இருந்ததா என்பது. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி இடைநிற்றல் குறைந்தது, பின்னாளில் அவர்கள் வருமானம் கூடியது என்று ஆய்வுகள் காட்டுகின்றன, வெள்ளைப் பிள்ளைகளுக்கு நஷ்டம் தெரியவில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைவிட, பணமும் சிறிய வகுப்பும் நல்ல ஆசிரியரும் சேர்ந்து வந்ததே காரணமா என்பதில் மட்டும் இன்னும் ஒரு முடிவு இல்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பள்ளிகளை இணைத்தபோது மூடப்பட்டது பெரும்பாலும் கறுப்பினப் பள்ளி. ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள். வழக்கில் வென்ற சமூகமே தன் நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பைப் பறிகொடுத்தது.

கடைசியாக, வடக்கு. அங்கே பிரிவினைச் சட்டம் இல்லை, குடியிருப்பு எல்லையே அந்த வேலையைச் செய்தது. டெட்ராய்ட் நகரத்துப் பிள்ளைகளையும் சுற்றியுள்ள 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துத் திட்டம் போடலாம் என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை, 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று நிராகரித்தது. புறநகர்கள் தவறு செய்ததாக நிரூபிக்காமல் அவற்றை இழுக்க முடியாது என்றது. அதாவது நிரூபிக்கும் சுமை மறுபடி பிள்ளைகள் பக்கம். எதிர்த்து நின்ற நால்வரில் ஒருவர், இருபது வருடத்துக்கு முன் பிரவுன் வழக்கில் வாதாடி, பிறகு நீதிபதியான தர்குட் மார்ஷல். தெற்கின் ஊர்ப்புறப் பள்ளிகள் பல பெருநகரங்களைவிட அதிகம் கலந்திருந்ததற்கு இந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம். ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன், புறநகருக்கு வெள்ளையர் குடிபெயர்ந்தது அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது.

தீர்ப்புகளை நேராகப் படிக்க விரும்பினால் கிரீனிலிருந்து தொடங்குங்கள், சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும். பிரவுனின் இரண்டு தீர்ப்புகளையும் அதற்குப் பிறகு வாசியுங்கள், எது சொல்லாமல் விடப்பட்டது என்பது அப்போது தெளிவாகக் கண்ணில் படும். ஸ்வான் தீர்ப்பு கொஞ்சம் சுற்றி வளைக்கும், பொறுமை வேண்டும்.